கைக்கெட்டிய எழுத்தாணி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஏடெழுதுவதும் நூல் அச்சிடுவதும் படமெடுப்பதும் நெடுங்காலம் பயிற்சி பெற்ற சிலருக்கே உரிய தொழில்களாக இருந்தன. கருவிகள் எளிமை அடைந்தபோது அத்தொழில்களின் வாயில் ஆர்வலர் அனைவருக்கும் திறந்தது. வாயில் திறந்ததனால் தமிழ் பெற்ற பயன் யாது? உள்ளே நுழைந்தவர் ஏற்க வேண்டிய பொறுப்பு யாது? அரியலூர், பெரம்பலூர் மண்ணில் நின்று இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நூலைத் தேடி நடந்தவர்

இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள் அமைந்துள்ள பகுதியில் 1860களில் ஒரு சிறுவர் தமிழ் கற்பதற்காக ஊர்விட்டு ஊர் சென்றுகொண்டிருந்தார். அரியலூரில் சடகோப ஐயங்கார் அவருக்குத் தமிழின் சுவையை ஊட்டினார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும் கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும் அவர் பாடம் கேட்டார். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் அவருக்கு யாப்பருங்கலக்காரிகையைக் கற்பித்தார். அச்சிறுவரே பின்னாளில் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய நூல்களைப் பதிப்பித்துத் தமிழுக்கு மீட்டுத் தந்த உ.வே.சாமிநாதர் (1855 – 1942). தம் இளமைக்காலக் கல்வியை அவரே ‘என் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்று நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஒரு மாணவர் ஒரு நூலைக் கற்க ஊர் மாற வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? அக்காலத்தில் அச்சிட்ட தமிழ் நூல்கள் மிகச் சிலவே. பெரும்பாலான நூல்கள் ஏட்டுச்சுவடிகளாகச் சிலர் வீட்டுப் பரண்களிலும் மடங்களிலும் இருந்தன. சுவடி இருந்த இடத்தில் ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் இருந்த இடத்திற்கு மாணவர் நடந்தார். படிப்பதற்கே இந்நிலை என்றால், ஒரு நூலைப் படியெடுப்பதும் பரப்புவதும் எத்துணை அரியவையாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

இன்று அதே குன்னத்தில் பதினொன்றாம் வகுப்பு பயிலும் ஒருவர் சீவக சிந்தாமணியைத் தம் கையிலுள்ள திறன்பேசியில் சில நொடிகளில் திறந்துவிடலாம். அவர் விரும்பினால் படிப்பவராக மட்டும் நின்றுவிடாமல், அச்சில் கிடைக்காத ஒரு நூலை மின்வடிவாக்கலாம். தம் ஊரைப் பற்றி எழுதி வெளியிடலாம். ஒரு படத்தை எடுத்துத் தொகுத்து உலகின் பார்வைக்கு வைக்கலாம். ஏறத்தாழ 150 ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றம் கருவிகளின் வழியே நிகழ்ந்தது. அது படிப்படியாக எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண்போம்.

புள்ளியில்லா ஏடுகள்

பனையோலையைப் பதப்படுத்தி, ஒத்த அளவில் நறுக்கி, துளையிட்டுக் கயிற்றில் கோத்து ஏடுகளை உருவாக்கினர். இடக்கையில் ஏட்டையும் வலக்கையில் கூரிய எழுத்தாணியையும் பிடித்து எழுதுவது எளிய செயலன்று. சற்று அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தம் குறைந்தால் எழுத்து பதியாது. எழுதி முடித்தபின் விளக்குக்கரி, மஞ்சள், இலைச்சாறு முதலியவற்றைப் பூசினால்தான் எழுத்துகள் தெளிவாகத் தோன்றும். இத்தனை முயன்று எழுதிய ஏடும் செல்லரித்தும் ஈரத்தால் சிதைந்தும் சில நூற்றாண்டுகளில் அழியும். அதற்குள் யாரேனும் ஒருவர் மீண்டும் படியெடுக்க வேண்டும். படியெடுக்க ஆள் இல்லாத நூல் மறைந்துபோகும்.

ஓலையில் புள்ளியிட்டால் துளை விழும் என்பதால் ஏடெழுதுவோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியிடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் காட்டிய புள்ளியும் விடுபட்டது. ஆகவே கெடு, கேடு என்னும் இரண்டு சொற்களும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ரகர எழுத்தும் ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. அதனால் பரவை என்பதும் பாவை என்பதும் ஒன்றாகத் தெரியும். முன்னது கடல், பின்னது பொம்மை அல்லது பெண். எது சரி என்பதைப் பாடலின் பொருளும் யாப்பும் அறிந்தவரே சொல்ல இயலும். ஏடு படிப்பது ஒரு தனிக்கலையாக இருந்ததற்கு இதுவே காரணம்.

இச்சிக்கலின் ஒரு பகுதியைத் தீர்க்க முயன்றவரும் இப்பகுதியில் வாழ்ந்தவரே. இத்தாலியில் பிறந்து தமிழறிஞராக மலர்ந்த வீரமாமுனிவர் (1680 – 1747), கொள்ளிடத்தின் வடகரையில் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றினார். எகர ஒகரக் குறில்களைப் புள்ளியின்றி எழுதி, நெடில்களுக்கு ஏ, ஓ எனவும் இரட்டைச் சுழிக் கொம்பு எனவும் தனி வடிவம் தரும் முறையை அவர் கொண்டுவந்தார். ஏடெழுதுவோர் பலர் பழைய வழக்கத்தையே தொடர்ந்தபோதும், பின்னர் அச்சு நூல்களின் வழியே அம்மாற்றம் நிலைபெற்றது. ஒரு சிறு சுழி, புலமை மிக்கவருக்கு மட்டும் எளிதாக இருந்த வாசிப்பைத் தொடக்கநிலையினருக்கும் எளிதாக்கியது. எழுத்துச் சீர்திருத்தமும் ஒருவகையில் கருவியை எளிமையாக்கும் முயற்சியே என்பதற்கு இது சான்றாகும்.

ஈய எழுத்துகளின் காலம்

1578ஆம் ஆண்டில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ் நூல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்னும் சிறப்பு அதற்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவினார். ஜெர்மனியிலிருந்து வந்த அச்செழுத்துகள் அளவில் பெரியனவாக இருந்து தாளை விழுங்கின. எனவே அருகிலிருந்த பொறையாற்றில் சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன.

அச்சு வந்ததும் ஒரே நூல் நூற்றுக்கணக்கான படிகளாகப் பெருகியது. எனினும் அச்சகம் நடத்தும் உரிமை உடனே எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. 1835ஆம் ஆண்டில் அச்சகங்களின் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட பின்னரே இந்தியர்கள் தடையின்றி அச்சகங்களை நடத்தினர். உ.வே.சா. போன்ற பதிப்பாசிரியர்களின் பணிக்கு அக்காலச்சூழல் துணைநின்றது.

அச்சகத்தினுள் எழுத்தாணியின் இடத்தை அச்சுக்கோப்பவர் பிடித்தார். உயிர்மெய் எழுத்துகளின் பல வடிவங்களுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட பெட்டியின் முன் நின்று, ஒவ்வோர் ஈய எழுத்தாக எடுத்து, இடவலம் மாறிய நிலையில் வரியாகக் கோப்பது அவர் தொழில். கண்ணைவிட விரல் முந்திச் செல்லும் அளவுக்குப் பயிற்சி வேண்டும். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றுக்கு இருந்த பழைய தனிவடிவங்கள் அச்சுக்கோப்பவரின் சுமையைக் கூட்டின. அவ்வடிவங்களை எளிமையாக்கித் தந்தை பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் இதழில் பயன்படுத்தினார். தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் அச்சீர்திருத்தத்தை ஏற்றது.

அச்சகத்தின் பெட்டியை ஒரு மேசையின்மேல் சுருக்கியது தட்டச்சுப்பொறி. 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்குவது எவ்வாறு? யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா இதற்கு விடை கண்டார். சில குறிகளைத் தட்டும்போது தாள் நகராமல் நிற்கும் ‘நகரா விசை’ முறையால், ஓர் எழுத்தின்மீதே புள்ளியையும் பிற குறிகளையும் சேர்க்க முடிந்தது. சிற்றூர்களை அடுத்த நகரங்களில் எல்லாம் தட்டச்சுப் பயிலகங்கள் தோன்றின. மாலை நேரங்களில் அங்குப் பயின்று, அரசுத் தேர்வில் இளநிலையும் முதுநிலையும் தேறியவர்களுள் பெண்கள் பலர். ஒரு கருவி, வேலைவாய்ப்பின் வாயிலையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது.

கணினியில் தமிழை ஏற்றியவர்கள்

1980களில் கணினி வந்தபோது அதில் தமிழுக்கு இடம் இல்லை. அவ்விடத்தை உருவாக்கியவர்களுள் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், தமிழை விரும்பியவர்கள். மலேசியாவைச் சேர்ந்த பொறியாளர் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை வடிவமைத்துத் தந்தார்.

எழுத்துரு கிடைத்ததும் அடுத்த வினா எழுந்தது: இதைக் கொண்டு எதை எழுதுவது? 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அதற்கு விடையாயிற்று. உலகின் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள், தம் அன்றாடப் பணிகளுக்கிடையே கிடைத்த நேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர். ஒருவர் தட்டியதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஊதியம் யாருக்கும் இல்லை. நூலைப் பெறுவோர் செலுத்த வேண்டிய விலையும் இல்லை. சுவடி தேடி ஊர் ஊராக நடந்த உ.வே.சா.வின் பணி, நூறாண்டு கடந்து பல்லாயிரம் கல் தொலைவில் ஆர்வலர் பலரின் கூட்டுப்பணியாகத் தொடர்ந்தது.

தொடக்கத்தில் ஒரு தடையும் இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்ததால், ஒருவர் எழுதியது மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் வலக்கையிலும் அமைந்த இம்முறை, உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் தமிழின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டது. 1991ஆம் ஆண்டு முதலே தமிழ் இடம்பெற்றிருந்த ஒருங்குறி முறை மெல்ல மெல்லப் பரவியது. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் அதனை ஏற்றது. இன்று நீங்கள் அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தி எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிவது இப்பொதுத்தரத்தின் பயனாகும்.

தெரிந்து தெளிவோம்

ஆர்வலர் என்னும் சொல் ஆர்வம் என்பதன் அடியாகத் தோன்றியது. பொருள் கருதாது விருப்பத்தால் ஒரு செயலில் ஈடுபடுவோரை அது குறிக்கும். ‘தொழில் அறியாதவர்’ என்னும் பொருள் அச்சொல்லுக்கு இல்லை. மதுரைத் திட்டத்தில் உழைத்தோர் ஆர்வலரே ஆயினும், அவர்கள் பின்பற்றிய மெய்ப்புப் பார்க்கும் முறை தேர்ந்த பதிப்பாளர்களின் முறையாகும்.

இருவர் கண் பட்ட பக்கம்

2003ஆம் ஆண்டில் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதன் உடன்பிறப்பான விக்கிமூலம் பழைய நூல்களை மின்வடிவில் தொகுக்கும் தளமாகும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் துணையோடு, நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவை அதில் இடம்பெற்றன. இங்கு ஒரு பக்கம் உருவாகும் முறையை அறிவது பயன் தரும்.

நூலின் பக்கம் முதலில் படமாக ஏற்றப்படுகிறது. எழுத்துணரி என்னும் மென்பொருள் அப்படத்தைப் படித்து எழுத்துகளாக மாற்றுகிறது. ஒரு மனிதர் அரைமணிநேரம் தட்டச்சு செய்ய வேண்டியதை அது சில நொடிகளில் முடித்துவிடுகிறது. ஆயினும் அப்பக்கம் நிறைவு பெற்றதாகக் கொள்ளப்படுவதில்லை. சிவப்பு நிறக் குறியோடு காத்திருக்கிறது. ஆர்வலர் ஒருவர் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பிழை திருத்தினால் குறி மஞ்சளாகிறது. வேறொருவர் மீண்டும் சரிபார்த்த பின்னரே அது பச்சையாகிறது. திருத்தியவரே சரிபார்த்தவராகவும் இருக்க இயலாது என்பது விதி.

மென்பொருள் எங்கெங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மங்கிய அச்சில் புள்ளி தெரியாதபோது அது மெய்யை உயிர்மெய்யாகப் படிக்கிறது. ஒற்றைக் கொம்பையும் இரட்டைச் சுழிக் கொம்பையும் குழப்பிக்கொள்கிறது. ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் கொள்கிறது. புள்ளி, கொம்பு, கால் ஆகிய இவையே ஏடு படித்தோரையும் மயக்கியவை. பரவையா பாவையா என்னும் வினா எழுத்துணரியின் முன்னும் அப்படியே நிற்கிறது. அன்று அதற்கு விடை தந்தது இலக்கண அறிவும் பொருளறிவும். இன்றும் விடை தர வேண்டியவை அவையே. கருவி கையின் உழைப்பைக் குறைத்திருக்கிறது. கண்ணின் உழைப்பையும் அறிவின் உழைப்பையும் அது நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது.

குன்னத்து உருண்டைக் கற்கள்

எழுத்தில் நிகழ்ந்தது படத்திலும் நிகழ்ந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன் நூறு படங்கள் எடுக்கத்தக்க படச்சுருள் அடங்கிய ‘கோடக்’ கையடக்கப் படக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். படமெடுத்து முடித்ததும் கருவியை நிறுவனத்திற்கு அனுப்பினால், படங்களை உருவாக்கிப் புதிய சுருளுடன் திருப்பி அனுப்பினர். இருட்டறையும் வேதிப்பொருள்களும் அறியாதவரும் படமெடுக்கத் தொடங்கினர். இன்று படக்கருவி, படத்தொகுப்பு, வெளியீடு ஆகிய மூன்றும் ஒரே திறன்பேசியில் அடங்கிவிட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தின் சின்ன வீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவருடைய பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்து 2018ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் காணொலிகளை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பின்தொடர்கின்றனர். படப்பிடிப்பு நிலையமோ புகழ்பெற்ற நடிகரோ அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் எளிதாக எடுத்த படம் எளிதாகப் பொய்யையும் சுமந்து செல்லக்கூடும். 2020ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் அகழ்ந்த இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி, படங்களோடு திறன்பேசிகளின் வழியே விரைந்து பரவியது. அரியலூர்ப் பகுதியில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருப்பதால் அச்செய்தி நம்பத்தக்கதாகவும் தோன்றியது. துறை வல்லுநர்கள் ஆராய்ந்தபோது அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் என்னும் கடல்வாழ் உயிரினத்தின் எச்சத்தைச் சூழ்ந்து உருவான படிவுகள் என்பது தெளிவாயிற்று. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் கடலடியாக இருந்தது என்பதற்கு அவை சான்றுகள்; உண்மை அதுவே வியப்புக்குரியதாக இருந்தது. ஆயினும் முட்டை என்னும் செய்தி சென்ற வேகத்தில் அம்மோனைட் என்னும் செய்தி செல்லவில்லை.

இங்குப் படமெடுத்தவர்கள் தவறிழைத்தனர் என்று கூற முடியாது. கண்டதைப் பதிவு செய்தது நற்செயலே. படத்தின்கீழ் எழுதிய ஒரு வரியில்தான் பிழை இருந்தது. ‘இது என்னவென்று அறிந்தவர் கூறுக’ என்று எழுதியிருந்தால் அதே படம் ஓர் ஆய்வின் தொடக்கமாகியிருக்கும். உ.வே.சா. பொருள் விளங்காத இடங்களைத் தாமே இட்டு நிரப்பாமல், பல சுவடிகளை ஒப்பிட்டும் அறிந்தவரிடம் கேட்டும் தெளிந்தார். அப்பண்பு, அவர் இளமையில் பயின்ற குன்னத்திற்கு இன்றும் வேண்டியதாக இருக்கிறது.

தொழிலறிந்தோர் தேவையற்றவரா?

கருவி எளிதாகும்போது சிலர் வாழ்விழக்கின்றனர் என்பதை மறைத்தல் கூடாது. கணினியில் பக்கம் அமைக்கும் முறை வந்ததும் அச்சுக்கோப்பவரின் ஈயப் பெட்டிகள் மூலைக்குச் சென்றன. நெகிழிப் பதாகைகள் வந்ததும் சுவரிலும் பலகையிலும் எழுத்தோவியம் தீட்டியவர்கள் வேறு வேலை தேடினர். நகல் எடுப்பதும் விரைவும் மலிவும் மட்டுமே வேண்டப்பட்ட இடங்களில் தொழிலாளரின் கைத்திறன் தோற்றது. அவர்களோடு மறைந்த நுட்பங்களும் உண்டு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை அறிந்த கண் அவர்களுடையது. இன்றைய பதாகைகளில் மலிந்து கிடக்கும் ஒற்றுப்பிழைகள், சரிபார்க்கும் அக்கண் விலகியதன் விளைவே.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரக்கட்டையிலிருந்து உருவத்தைச் செதுக்கி எடுக்கும் கலை அது. அச்சிற்பங்களைத் திறன்பேசியில் படமெடுக்க ஒரு நொடி போதும். ஆனால் மரத்தின் ஓட்டம் எத்திசையில் செல்கிறது, உளியை எங்கே நிறுத்த வேண்டும், முகத்தில் எந்த இடம் கடைசியாகத் திறக்கப்படும் என்பவற்றைச் சிற்பியிடம் கேட்டறிந்தவர் எடுக்கும் படமே கலையைக் காட்டும் படமாக அமையும். ஆர்வலர் தொழிலறிந்தோரின் இடத்தைப் பிடிப்பவராக மட்டும் இராமல் அவர்களிடம் கற்பவராகவும் இருக்கும்போது கருவியின் முழுப்பயனும் கிட்டுகிறது.

கட்டளையிட்டவுடன் கட்டுரையும் கவிதையும் ஓவியமும் ஆக்கித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இன்று வந்துவிட்டன. இவற்றையும் இதே அளவுகோலால் அளக்கலாம். நாம் செய்ய விரும்பும் வேலையில் தடையாக நிற்பதை நீக்கித் தந்தால் அது நமக்குக் கருவி. நாம் எண்ண வேண்டியதை நமக்காக எண்ணி முடித்துவிட்டால், நம் கையில் ஒரு பொருள் மிஞ்சலாம்; அதனை ஆக்கும் திறம் நம்மிடம் வளராது. அது தரும் விடையைச் சரியா தவறா என்று கூறும் அறிவு நம்மிடம் இல்லையெனில், குன்னத்துக் கல்லை முட்டை என்று நம்பியவர்களின் நிலையே நமக்கும் நேரும்.

ஏட்டில் ஏறாதவை

உ.வே.சா. தேடிய நூல்கள் எவ்வளவு சிதைந்திருந்தாலும் ஏட்டில் ஏறியிருந்தன. ஏட்டில் ஏறாமலேயே மறைந்தவை எத்தனை! நடவு வயலில் பாடிய பாட்டு, தொட்டிலருகே பாடிய தாலாட்டு, இழவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு பாடிய ஒப்பாரி ஆகியவற்றைப் படைத்த பெண்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பாடியவர் கையில் எழுத்தாணி இல்லை. எழுத்தாணி பிடித்தவர் அப்பாடலை எழுதத்தக்கதாகக் கருதவில்லை. பின்னாளில் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று சிலவற்றைக் காத்தனர். அவர்கள் செல்லாத ஊர்கள் மிகப் பல.

அக்கருவி இன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் வேலை செய்த உங்கள் பாட்டிக்குத் தெரிந்த பாடலைப் பதிவு செய்ய வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. அவர் இசைவைப் பெற்று நீங்களே பதிவு செய்யலாம். பதிவு செய்வதோடு பணி முடிவதில்லை. கேட்டதைக் கேட்டவாறே எழுத வேண்டும். வட்டாரச் சொல்லை ‘திருத்தி’ எழுதுதல் கூடாது. புரியாத சொல்லுக்குப் பொருளை அவரிடமே கேட்க வேண்டும். பாடியவர் பெயர், ஊர், பாடிய சூழல், பதிவு செய்த நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். எழுதியதை மற்றொருவர் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் அது பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து ஆவணமாகிறது.

இப்பணிக்குக் காலமும் குறைவு. செல்லரிக்கும் ஏட்டைக்கூட ஒருவர் எடுத்து வைத்தால் பின்னர் ஒருவர் படிக்கலாம். நினைவில் மட்டும் வாழும் பாடலுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பாடுபவரோடு அதுவும் செல்லும். செங்கணத்திற்கு நடந்து சென்று யாப்புக் கற்ற மாணவர் தம் காலத்தில் அழிவின் விளிம்பில் இருந்தவற்றைக் காத்தார். நம் காலத்தில் அவ்விளிம்பில் இருப்பவை நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கின்றன. எழுத்தாணி கைக்கு எட்டிவிட்டது. எழுதத்தக்கது எது என்று கண்டறிந்து, பிழையின்றி எழுதுவது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வாழும் மூத்தோர் ஒருவரிடம் ஒரு தாலாட்டு அல்லது தொழிற்பாடலை அவர் இசைவுடன் பதிவு செய்க. அதனைக் கேட்டவாறே எழுதி, வகுப்புத் தோழர் ஒருவரைக் கொண்டு சரிபார்க்கச் செய்க.

2. சாத்தனூர் கல்மரம், வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், கங்கைகொண்ட சோழபுரம் கோவில் ஆகியவற்றுள் ஒன்றையோ உங்கள் பகுதியிலுள்ள தொன்மைச் சின்னம் ஒன்றையோ குறித்து ஐந்து படங்களுடன் ஒரு தொகுப்பு உருவாக்குக. ஒவ்வொரு படத்தின் கீழும் நீங்கள் உறுதியாக அறிந்த செய்தியை மட்டும் எழுதுக.

3. உங்கள் ஊரிலுள்ள பெயர்ப்பலகைகளிலும் பதாகைகளிலும் காணப்படும் எழுத்துப்பிழைகளையும் ஒற்றுப்பிழைகளையும் திரட்டித் திருத்த வடிவத்துடன் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஏட்டுச்சுவடியில் ‘பரவை’, ‘பாவை’ ஆகியன ஒன்றாகத் தோன்றியதற்குக் காரணம்
அ) மெய்க்குப் புள்ளி இடாமை ஆ) ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டமை இ) ஓலை செல்லரித்தமை ஈ) கொம்பு இல்லாமை

2. பொருந்தாத இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) தம்பிரான் வணக்கம் – கொல்லம் ஆ) வீரமாமுனிவர் – ஏலாக்குறிச்சி இ) ஆர். முத்தையா – நகரா விசை ஈ) விருத்தாசல ரெட்டியார் – குன்னம்

குறுவினா

1. ‘நகரா விசை’ என்பதன் பயன் யாது?
2. விக்கிமூலத்தில் ஒரு பக்கம் எப்போது பச்சை நிறக் குறியைப் பெறுகிறது?

சிறுவினா

1. வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தை விளக்குக.
2. குன்னத்து உருண்டைக் கற்கள் பற்றிய நிகழ்வு உணர்த்தும் கருத்தினை எழுதுக.

நெடுவினா

‘கருவி கையின் உழைப்பைக் குறைத்திருக்கிறது, அறிவின் உழைப்பை நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது’ – இக்கூற்றை ஏட்டுச்சுவடி, அச்சு, கணினி ஆகியவற்றின் வழி நிறுவுக.

மொழியை ஆள்வோம்

1. புணர்ச்சி விதி தருக: பனையோலை, எழுத்தாணி.
2. வேறுபாடு தோன்றத் தொடரில் அமைக்க: பரவை – பறவை, ஏடு – எடு.

கலைச்சொல் அறிவோம்

எழுத்துரு – கணினித் திரையிலும் அச்சிலும் எழுத்துகள் தோன்றும் வடிவத் தொகுப்பு
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் பொதுக் குறியீட்டு முறை
எழுத்துணரி – படத்திலுள்ள எழுத்துகளை அடையாளம் கண்டு தொகுக்கத்தக்க எழுத்துகளாக மாற்றும் மென்பொருள்
மெய்ப்பு – அச்சிடுவதற்கு அல்லது வெளியிடுவதற்கு முன் பிழை திருத்த எடுக்கும் படி